தாய்வீட்டுக்கு வர முடியாத இரண்டு கோடைகள்: ஒரு பெண்கள் பள்ளியின் முன்னாள் மாணவியர் சங்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள அரசு உதவிபெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவியர் சங்கம், 2020 மார்ச் முதல் 2022 மே வரை தன் உறுப்பினர்களை எப்படித் தொடர்பில் வைத்திருந்தது என்பதன் பதிவு இது. பள்ளியின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இதில் இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் ஒருங்கிணைப்புக் குழுவில் இருந்தேன். இதே வேலையில் இறங்கும் மற்றப் பள்ளிச் சங்கங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. ஆண்டுக்கு ஒரு பொதுக்கூட்டம், அது எப்போதும் மே மாதத்தில். பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டதும் கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் தாய்வீட்டுக்கு வருவார்கள். அந்தப் பத்துப் பதினைந்து நாளுக்குள் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்து, பழைய டீச்சர்மாரைப் பார்த்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். ஆண்கள் பள்ளிகளில் படித்தவர்கள் பலர் அதே ஊரில் கடை வைத்திருப்பார்கள், வயல் வைத்திருப்பார்கள். எங்கே போனாலும் பெயரும் இனிஷியலும் மாறாது. பெண்களுக்கு ஊரும் மாறும், இனிஷியலும் மாறும், போன் எண் பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். ஆக, எங்கள் சங்கத்தின் தொடர்பு முழுவதும் தாய்வீட்டுப் பயணத்தை நம்பியே இருந்தது. இதை நாங்கள் கண்ணால் கண்டது அந்தப் பயணம் நின்றபோதுதான்.

உறுப்பினர்களில் எல்லா வகையினரும் உண்டு. 1978இல் பிளஸ் டூ வருவதற்கு முன்பு பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பாட்டிமார், ஆசிரியைகள், நர்சுகள், வங்கி ஊழியர்கள், துபாயிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள், உள்ளூரிலேயே பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள். கடைசியாகச் சொன்னவர்கள் கூட்டத்துக்குக் குறைவாகவே வருவார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. அந்நாளில் ஒரு குழுவில் 256 பேர்தான் சேர முடியும் என்பதால் அது நிரம்பி, இரண்டாவது குழுவும் தொடங்கியிருந்தோம்.

2020 மார்ச் முதல் மே வரை கண்டவை

மார்ச் 24 அன்று பிளஸ் டூ கடைசித் தேர்வு நடந்தது. அன்று மாலை 6 மணிக்கு மாநிலத்தில் 144 தடை உத்தரவு, நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. மே மாதக் கூட்டம் நடக்காது என்பது ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும், அதுவும் கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம் என்றால்தான் கிடைக்கும்.

முதல் சில வாரங்கள் இரண்டு குழுக்களிலும் ஓயாத இரைச்சல். கபசுரக் குடிநீர், பூண்டு, வெந்நீர், எந்த நாட்டு மருத்துவமனையிலோ எடுத்த வீடியோ, எல்லாம் பார்வர்டு. ஏப்ரல் 7 அன்று வாட்ஸ்அப் நிறுவனம், பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மட்டுமே அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது. இரைச்சல் சற்றுக் குறைந்தது, நிற்கவில்லை.

இரைச்சலைவிட எங்களைக் கவலைப்பட வைத்தது மௌனம். ஒரு மாதச் செய்திகளை மூன்று பேர் உட்கார்ந்து பின்னோக்கிப் படித்துப் பார்த்தோம். பேசியவர்கள் திரும்பத் திரும்ப அதே சிறு கூட்டம். பெரும்பாலோர் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள், நேரம் நிறைய இருக்கும் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். விசாரித்தால் நிலைமை நேர்மாறு. கணவரும் பிள்ளைகளும் மாமனார் மாமியாரும் நாள் முழுக்க வீட்டில். மூன்று வேளைச் சமையல், நடுவில் இரண்டு தடவை காப்பி, வேலைக்காரம்மா வர முடியாததால் பாத்திரமும் துணியும். மே முடிந்து ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் கையிலிருந்த போனும் பிள்ளைகளிடம் போய்விட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் தன் போனைத் தானே பார்க்க முடிகிறது என்று ஒரு வங்கி அதிகாரியே சொன்னார். ஊரடங்கு காலத்தில் பெண்களின் ஓய்வு நேரம் குறைந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் போடும் எந்தத் திட்டமும் வெறும் காகிதம்தான் என்பது என் கருத்து.

பீடி சுற்றுபவர்களின் மௌனத்துக்குக் காரணம் வேறு. பீடிக்கடை மூடிக் கிடந்ததால் இலையும் வரவில்லை, தூளும் வரவில்லை. கூலி இல்லாத வீட்டில் ரீசார்ஜ் எங்கே செய்வார்கள்?

முதல் முடிவு: செட் வாரியாகப் பிரிந்தது

ஏப்ரல் கடைசியில் ஒருங்கிணைப்புக் குழு போனிலேயே கூடி, இரண்டு பெரிய குழுக்களிலும் நிர்வாகிகள் மட்டும் செய்தி போடலாம் என்று அமைப்பை மாற்றியது. இது எளிதாக நடக்கவில்லை. வாயை அடைக்கிறீர்களா என்று மூத்தவர்கள் சிலர் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. தனியாக இருந்த சிலருக்கு அந்தக் குழுவில் காலை வணக்கம் போடுவதே அன்றைய மனிதத் தொடர்பு. ஆனாலும் ஏறக்குறைய ஐந்நூறு பேர் முன்னால் தன் வீட்டுக் கஷ்டத்தை யாரும் சொல்லமாட்டார்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

அதற்குப் பதில், ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு சிறு குழு. ‘87 செட்’, ‘94 செட்’ என்று பிளஸ் டூ முடித்த ஆண்டை வைத்துத்தான் நாங்கள் எப்போதும் அடையாளம் சொல்வது வழக்கம். பத்தாம் வகுப்போடு நின்றவர்களை, அவர்கள் கூடப்படித்தவர்கள் எந்தச் செட்டோ அந்தச் செட்டிலேயே சேர்க்கவேண்டும் என்று விதி வைத்தோம். இது சின்ன விதிபோலத் தெரியும். பிளஸ் டூவை எல்லையாக வைத்திருந்தால், பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பீடித் தொழிலாளிப் பெண்கள் அப்படியே விடுபட்டிருப்பார்கள்.

பெரிய குழுவில் தினமும் இரவு ஒரே ஒரு செய்தி மட்டும். முன்னாள் மாணவியான அரசு மருத்துவர் ஒருவர் தன் குரலில் இரண்டு நிமிடம் பேசி அனுப்புவார். அன்றைய அரசு அறிவிப்பு என்ன, காய்ச்சல் வந்தால் என்ன செய்யவேண்டும், எந்தப் பார்வர்டு பொய் என்று நெல்லைத் தமிழிலேயே சொல்வார். எழுத்தை வாசிக்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கு இந்தக் குரல் பெரிதும் உதவியது.

இரண்டாம் முடிவு: போன் சங்கிலி

இந்தப் பதிவில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடிய பகுதி இதுதான் என்று நினைப்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் இல்லாதவர்களை எட்டுவதற்கு ஆளுக்குப் பத்துப் பெயர் என்று பிரித்துக்கொண்டு பேசத் தொடங்கினோம். முதல் தடை, எண் கிடைப்பது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயரும் தெருப் பெயரும்தான் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயரை வைத்து இணையத்தில் தேடி ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. முகநூலில் இருந்தாலும் பிள்ளையின் படம் இருக்கும், அல்லது சாமி படம். பலன் தந்த வழி தெரு. அந்தத் தெருவில் இன்னும் குடியிருக்கும் அண்ணனையோ தம்பியையோ பிடித்தால், தங்கச்சி எண் அவரிடம் இருக்கும். ஒருத்தி கிடைத்தால் அவள் நினைவிலிருந்து மூன்று பேர் கிடைப்பார்கள். “அவ மாமன் வீடு சங்கரன்கோவில்ல, டீச்சருக்கு வாக்கப்பட்டுப் போனா” என்பதுபோன்ற துப்புகளை எல்லாம் நோட்டில் எழுதி வைத்தோம்.

இரண்டாவது தடை, போனை எடுப்பவர். கணவரோ மகனோ மருமகளோ எடுத்து “யாரு பேசுறது?” என்று கேட்பார்கள். சங்கத்திலிருந்து பேசுகிறோம் என்றால் நன்கொடை கேட்கிறார்கள் என்று நினைத்து, ஆள் இல்லை என்று சொல்லிவிடுவது நடந்தது. அதனால் இரண்டு விதி செய்தோம். முதல் சுற்றில் யாரும் பணப் பேச்சே எடுக்கக்கூடாது. சங்கத்தின் பெயர் சொல்லாமல், “கூடப் படிச்சவ, பள்ளிக்கூடத்துப் பிள்ளை” என்று சொல்லிக் கேட்கவேண்டும். அதற்காகவே கூடியமட்டும் அதே செட்டைச் சேர்ந்தவரையே பேச வைத்தோம். இது பொய்யில்லாத அறிமுகம், உடனே கதவு திறந்தது. “ஏளா, நீயா? நல்லாருக்கியா?” என்று எதிர்முனையில் குரல் மாறுவதைக் கேட்டால் போதும் என்று பேசியவர்கள் பலர் சொன்னார்கள்.

மூன்றாவது, பேச்சில் வெளிவரும் விஷயங்கள். சிலர் பேசும்போது பக்கத்தில் ஆள் இருப்பது தெரியும். ஒற்றை வார்த்தையில் பதில் வரும். வீட்டுக்குள் அடி உதை இருக்கிறது என்று ஊகித்த இடங்களும் உண்டு. சங்கம் அதற்குத் தகுந்த அமைப்பு இல்லை என்பதை உணர்ந்து, மேற்படி மருத்துவரையும் வழக்கறிஞரான இன்னொரு முன்னாள் மாணவியையும் கேட்டு நடைமுறை வகுத்தோம். எடுத்தவுடன் “இப்ப பேசலாமா, அப்புறம் கூப்பிடட்டுமா?” என்று கேட்கவேண்டும். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேட்கவேண்டும். இதுபற்றி எழுத்தில் எதுவும் அனுப்பக்கூடாது, ஏனென்றால் போன் பொதுவானது. கேட்டால் 181 மகளிர் உதவி எண்ணைச் சொல்லவேண்டும். அவர் விரும்பாமல் நாமாக யாரிடமும் புகார் சொல்லக்கூடாது. ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொன்ன அழைப்பாளர் ஒருவரை அந்தப் பணியிலிருந்து விலக்கினோம். ஊர்ப்பேச்சாக மாறியிருந்தால் போன் சங்கிலி அந்த வாரமே அறுந்திருக்கும்.

ஞாயிறு மத்தியானக் கூட்டங்கள்

ஜூம் கூட்டத்தை முதலில் ஏப்ரலில் நடத்தினோம். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். உள்துறை அமைச்சகம் அந்தச் செயலி குறித்து எச்சரிக்கை வெளியிட்டதும் வீட்டார் சிலர் தயங்கினார்கள். மே மாதத்தில் கூகுள் மீட் எல்லாருக்கும் இலவசமானபோது அதற்கு மாறினோம்.

மாலை ஆறு மணிக்கு வைத்தபோது வந்தவர்கள் மிகக் குறைவு. விளக்கேற்றி இரவுச் சமையல் தொடங்கும் நேரம் அது. சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி, அடுத்த காப்பிக்கு முன்பு கிடைக்கும் ஒரு மணி நேரத்தைப் பிடித்து ஞாயிறு 3 மணி என்று மாற்றினோம். துபாயில் அப்போது 1.30, சிங்கப்பூரில் 5.30, அதனால் இருவருக்கும் ஒத்துவந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் விடிகாலை 5.30. அவர்களுக்கென்று மாதம் ஒருமுறை காலை 7 மணிக் கூட்டம் தனியாக வைத்தோம்.

கூட்டத்தில் வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் எடுத்துவிட்டோம். ஒரு டீச்சர் பழைய பாடம் ஒன்றை அரை மணி நேரம் நடத்துவார். ஓய்வுபெற்ற தமிழம்மா குற்றாலக் குறவஞ்சியின் ‘வானரங்கள் கனிகொடுத்து’ பாட்டை நடத்திய ஞாயிறன்று வந்த கூட்டம் வேறெந்த வாரமும் வரவில்லை. கேமராவைத் திறக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தக்கூடாது என்பது இன்னொரு விதி. வீட்டு நிலையை மற்றவர் பார்க்க விரும்பாதவர்கள் குரலோடு மட்டும் கலந்துகொண்டார்கள்.

இன்றைய மாணவிகளுக்கான போன்கள், பணம்

2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, ஆனால் சந்தேகம் கேட்கப் போன் தேவை. பள்ளியின் தலைமையாசிரியை கேட்டதன்பேரில், வீட்டில் சும்மா கிடக்கும் ஸ்மார்ட்போன்களைச் சேகரித்தோம். அழைப்பு விட்டவுடன் நிறைய வந்தன. பயன்படும் நிலையில் இருந்தவை அதில் ஒரு பகுதிதான். பேட்டரி உப்பியவை, பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு பூட்டிக்கொண்டவை, குடும்பப் படங்கள் அழிக்காமல் வந்தவை. படங்கள் அழிக்காத போனை ஒரு மாணவி கையில் கொடுப்பது இரு தரப்புக்கும் ஆபத்து. ஒரு செட்டில் இருந்த கணினி ஆசிரியை ஒவ்வொரு போனையும் முழுவதும் அழித்துச் சோதித்த பிறகே பள்ளிக்குக் கொடுத்தார். போனோடு 84 நாள் ரீசார்ஜும் சேர்த்துக் கொடுத்தோம். போன் மட்டும் கொடுத்துப் பயனில்லை.

வெளிநாட்டுப் பணம் ஒரு சிக்கல். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தரும் பணம், அவர் இங்கே பிறந்து வளர்ந்தவரானாலும், வெளிநாட்டு நன்கொடை முறைப்படுத்தல் சட்டத்துக்குள் வரும். அதை வாங்க அந்தச் சட்டப்படி பதிவு வேண்டும், எங்களுக்கு அது இல்லை. இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவதற்கு அந்தத் தடை இல்லை. இந்த வேறுபாட்டைத் தணிக்கையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களின் பணத்தை மரியாதையோடு மறுத்தோம். மனத்தாங்கல் வந்தது. அவர்களை வேறு வகையில் சேர்த்துக்கொண்டோம், காலை 7 மணிக் கூட்டத்தில் பிளஸ் டூ மாணவிகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

2021: தடுப்பூசியும் இரண்டாம் அலையும்

மார்ச் 1 முதல் 60 வயது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. கோவின் தளத்தில் அப்போது ஒரு எண்ணிலிருந்து நான்கு பேர்வரை பதிவு செய்ய முடிந்தது. செட் குழுக்கள் ஏற்கெனவே இருந்ததால், ஒவ்வொரு ஓய்வுபெற்ற டீச்சருக்கும் ஒரு மாணவி என்று பெயர் குறித்து, பதிவு செய்து, நேரம் வாங்கி, அழைத்துப்போக ஆளும் ஏற்பாடு செய்ய முடிந்தது. ஊசிக்குப் பயந்த டீச்சர்கள்கூட, சொன்னது தன் மாணவி என்பதால் கேட்டார்கள்.

மே மாதம் நிலைமை மோசமானது. மே 10 முதல் மறுபடி ஊரடங்கு, 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு. படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் ஓடிய அந்த வாரங்களில் சங்கம் ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தது: எந்த எண்ணைப் பகிர்ந்தாலும், அதைப் பேசிச் சரிபார்த்தவர் பெயரும் நேரமும் பக்கத்தில் இருக்கவேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் பழையது என்றால் அழித்துவிடவேண்டும். 104 உதவி எண்ணை முதலில் கூப்பிடச் சொன்னோம்.

சாவுச் செய்திகள் வந்தபடி இருந்தன. கணவரை இழந்தவர்கள், பெற்றோர் இருவரையும் ஒரே வாரத்தில் இழந்தவர், எங்களோடு போன் சங்கிலியில் பேசிக்கொண்டிருந்த ஒரு தோழி. பெரிய குழுவில் படத்தோடு செய்தி போட்டு, அதன்கீழ் நூற்றுக்கணக்கில் இரங்கல் வரிசையாக விழுவதைப் பார்த்துத் தனிமைச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுங்கிப்போனார்கள். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி தன் தோழி இறந்ததை அந்தக் குழுவில் படித்து அறிந்தவர் உண்டு. அதன்பின் சாவுச் செய்தியைப் பெரிய குழுவில் போடுவதை நிறுத்தினோம். செட் பொறுப்பாளர் நெருங்கியவர்களுக்கு முதலில் போனில் சொல்வார். குடும்பத்துக்கு ஒருவர் மட்டும் சங்கத்தின் சார்பில் பேசுவார், பதினாறாம் நாளுக்குப் பிறகு மறுபடி பேசுவார். அந்த இரண்டாவது அழைப்பு மிக முக்கியம் என்பதைக் கணவரை இழந்தவர்களே சொன்னார்கள். முதல் வாரம் எல்லாரும் பேசுகிறார்கள், அதன்பின் வீடு அடங்கிவிடுகிறது, இறப்புச் சான்றிதழ், வங்கி, ஓய்வூதியம் என்று அலைச்சல் தொடங்குவது அப்போதுதான். வழக்கறிஞரும் வங்கி அதிகாரியும் அந்த வேலைகளில் உடன் நின்றார்கள்.

விளைவு

2022 மே மாதம் பள்ளி வளாகத்தில் கூட்டம் நடந்தது. முன்பு ஒருபோதும் கூட்டத்துக்கு வராத, பத்தாம் வகுப்போடு நின்ற பெண்கள் அன்று வந்திருந்தார்கள். பீடித் தட்டை ஒருநாள் கீழே வைப்பது அவர்களுக்குக் கூலி இழப்பு, அப்படியும் வந்தார்கள். செட் குழுக்களில் பல இன்றும் நடக்கின்றன, சில ஓய்ந்துவிட்டன. 1990களின் செட்டுகள் மிக உறுதியாக நின்றன. 2010க்குப் பின் முடித்தவர்கள் எங்கள் அமைப்புக்குள் பெரிதாக வரவில்லை, தங்களுக்குள் இன்ஸ்டாகிராமில் பேசிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக் கூட்டம் ஊரடங்கு தளர்ந்ததும் தேய்ந்து நின்றுவிட்டது, அதை இழுத்துப் பிடிக்கவும் இல்லை. டீச்சர்மாருக்குப் பேசும் வழக்கம் தொடர்கிறது.

சொந்தமாகப் போன் இல்லாத, தாய்வீட்டிலும் யாரும் மிஞ்சாத பெண்களை எட்ட முடியவில்லை. நோட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே இடம் காலியாகவே இருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

போன் சங்கிலியை முதல் வாரத்திலேயே தொடங்கவேண்டும். வாட்ஸ்அப்பை ஒழுங்கு செய்துவிட்டுப் போனுக்கு வந்ததில் ஏப்ரல் முழுவதும் போனது, பீடிக் கூலி நின்ற வீடுகளுக்கு அந்த ஏப்ரல்தான் கடினமாக இருந்தது. அழைப்பாளர்களுக்கும் ஆதரவு தேவை. 2021 மேயில் தினமும் சாவுச் செய்தி சொன்னவர்கள் சோர்ந்து விழுந்தார்கள், அவர்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றும் ஏற்பாடு வேண்டும்.

தகவல் நோட்டு யாரிடம் இருக்கவேண்டும் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பெண்களின் எண்களும் முகவரிகளும் அடங்கிய பட்டியலைக் கணினிக் கோப்பாக எல்லாருக்கும் அனுப்பக்கூடாது என்பது என் உறுதியான நிலை. செட் பொறுப்பாளரிடம் அந்தச் செட்டின் பக்கம் மட்டும் இருந்தால் போதும்.

பிளஸ் டூ முடித்து டி.சி. வாங்க வரும் மாணவிகளிடம் 2022 முதல் ஒரு சிறு படிவம் வாங்குகிறோம், கொடுப்பது அவர்கள் விருப்பம். அதில் அவர்களுடைய எண்ணோடு, ஊரை விட்டுப் போகமாட்டார் என்று அவர்கள் நினைக்கும் ஒருவரின் எண்ணும் கேட்கிறோம். அந்த வரியில் பலர் எழுதுவது அம்மாவின் எண். தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சியின் எண்ணை எழுதிக்கொடுத்தவர்களும் உண்டு, அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.